சீனி போடாத ஐஸ்: கேட்டதும் சொன்னதும்

கத்திரி தொடங்க இன்னும் நாள் இருக்கு, அதுக்குள்ள மதுரையில மொட்டைமாடியில கால் வைக்க முடியல. எங்க வீட்டுக்காரருக்கு சுகர்னு தெரிஞ்சதிலேர்ந்து ஒன்பது கோடையா சீனி போடாம ஐஸ் செஞ்சு பார்த்துட்டு வர்றேன். முதல் ரெண்டு கோடையில வந்தது ஐஸ் இல்ல, செங்கல். நான் டாக்டர் இல்ல. மாத்திரை, ஊசி அளவெல்லாம் அவங்ககிட்ட. மத்தபடி கேளுங்க.

வித்யா, சேலம்: அக்கா, தர்பூசணியை அரைச்சு அச்சுல ஊத்தி வச்சேன். சீனி ஒரு துளி போடல. கல்லா ஆயிடுச்சு. கடை ஐஸ் மட்டும் எப்படி மெத்துனு இருக்கு?

கடை ஐஸ்ல சீனி இனிப்புக்கு மட்டும் இல்ல வித்யா. தண்ணியை முழுசா உறைய விடாம பிடிச்சு வைக்கிறதும் அதுதான். சீனி கரைஞ்ச தண்ணி 0 டிகிரியில உறையாது, இன்னும் கீழ போகணும். தண்ணி கொஞ்சம் கொஞ்சமா ஐஸா பிரியப் பிரிய, மிச்சம் இருக்கிற பாகு இன்னும் கெட்டிப்படும். வீட்டு ஃப்ரீசர் மைனஸ் 18 டிகிரி காட்டினாலும் அந்தப் பாகுல ஒரு பங்கு உறையாமலே ஐஸ் துணுக்குகளுக்கு நடுவுல நிக்கும். கடிக்கிறப்ப பல்லு இறங்குறது அதனாலதான். தர்பூசணியில நூத்துக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல தண்ணி. அதுக்குள்ளயே இருக்கிற இனிப்பு ஆறு பங்கு வரும். அது போதாது.

சீனியை எடுத்துட்டோம்னா அது பார்த்த வேலையை வேற ஆளுங்ககிட்ட பிரிச்சுக் கொடுக்கணும். கொழுப்பு ஒரு ஆள்: கெட்டித் தேங்காய்ப்பால், பாலாடை, அரைச்ச முந்திரி, பாதாம். வழவழப்பு இன்னொரு ஆள்: ஊறின சப்ஜா, ஊறின பாதாம் பிசின், வழுக்கைத் தேங்காய். இதெல்லாம் தண்ணியைப் பிடிச்சு வச்சுக்கும், ஐஸ் பெரிய பெரிய ஊசியா வளராது. ஒரு சிட்டிகை உப்பும் உறையறதைத் தள்ளிப்போடும், இருக்கிற இனிப்பையும் தூக்கிக் காட்டும்.

அப்புறம் வேகம். மெதுவா உறைஞ்சா துணுக்கு பெருசாகும், சீக்கிரம் உறைஞ்சா பொடியா இருக்கும். கலவையை முதல்ல ஃப்ரிட்ஜ் கீழ்த்தட்டுல ரெண்டு மணி நேரம் நல்லா குளிர வச்சுட்டு, மெல்லிசான சில்வர் டம்ளர்ல ஊத்தி, ஃப்ரீசர் தரையில ஒட்டினாப்ல வைங்க. தடிச்ச பிளாஸ்டிக் அச்சைவிட இது எவ்வளவோ மேல்.

தர்பூசணிக்கு மட்டும் அச்சே வேண்டாம்னு சொல்லுவேன். கொட்டை எடுத்த துண்டுகளைத் தட்டுல பரப்பி உறைய வைங்க. சாப்பிடப் போற நேரத்துல எலுமிச்சை, உப்பு, ரெண்டு புதினா இலை சேர்த்து மிக்ஸியில விட்டு விட்டு ஓட்டுங்க. மேல ஒரு கரண்டி சப்ஜா. கரண்டியால எடுத்துச் சாப்பிடுற மாதிரி வரும்.

செல்வம், நாகர்கோவில்: சீனிக்குப் பதிலா கருப்பட்டி போடலாமே? சுகர் இருக்கிறவங்களுக்கும் நல்லதுன்னு எங்க ஊர்ல சொல்றாங்க.

கருப்பட்டி ருசி எனக்கும் உயிர். ஆனா அதுலயும் நூத்துக்கு எண்பது பங்குக்கு மேல சீனியேதான். வெல்லம், நாட்டுச்சர்க்கரை, தேன் எல்லாம் அதே கூட்டம். பேரீச்சையும் சேர்த்துக்கோங்க, அதுல மூணுல ரெண்டு பங்கு சர்க்கரை. "சீனி சேர்க்காதது"ன்னு சொல்லி ஒரு டம்ளருக்கு எட்டு பேரீச்சை அரைச்சு ஊத்துற வீடியோ எத்தனையோ பார்த்துட்டேன். பதநீரை உறைய வைக்கலாமான்னு அடுத்து யாராவது கேப்பீங்க. அதுவும் இனிப்புதான், காய்ச்சினா கருப்பட்டி வர்றது அதுலேர்ந்துதானே. உடம்பு திடமா இருக்கிறவங்க அளவா சாப்பிடுங்க, யார் வேண்டாம்னா. மருந்துன்னு மட்டும் சொல்லாதீங்க.

கிருத்திகா, ஓசூர்: அப்பாவுக்கு 68 வயசு, சுகர் பத்து வருஷமா. மாம்பழ ஐஸ் கேட்டு அடம் பிடிக்கிறார். கொடுக்கலாமா அக்கா?

எங்க வீட்டுலயும் இதே அடம்தான். மாம்பழத்துல 100 கிராமுக்கு 14 கிராம் கிட்ட சர்க்கரை. அதனால பழம் கம்மி, கூட்டு ஜாஸ்தின்னு போங்க. தயிரை வெள்ளைத்துணியில கட்டி நாலு மணி நேரம் தொங்க விட்டா தண்ணி வடிஞ்சு வெண்ணெய் மாதிரி ஆகும். அந்தத் தயிர் ஒரு கப், மாம்பழச் சதை முக்கால் கப், ஏலக்காய், உப்பு ஒரு சிட்டிகை. அடிச்சு ஆறு சின்ன அச்சுல ஊத்துங்க. ஒரு குச்சிக்கு 25, 30 கிராம் பழம்தான் வரும், அதாவது நாலு கிராம் சர்க்கரை. தயிர்ல கொஞ்சம் இருக்கும், அதையும் கணக்குல வைங்க. புளிப்பு ஏறின பழம் வேண்டாம், நல்லா கனிஞ்சதா பாருங்க, அப்பதான் கொஞ்சம் போட்டாலே வாசம் தூக்கும். முதல் தடவை கொடுக்கிறப்ப ரெண்டு மணி நேரம் கழிச்சு மிஷின்ல ஒரு தடவை குத்திப் பார்த்துடுங்க. அவர் உடம்பு என்ன சொல்லுதுன்னு அதுதான் காட்டும்.

இன்னொண்ணு, முக்கியமா. அப்பா ஊசி போடுறவரா இருந்து, திடீர்னு சுகர் இறங்கி வேர்த்து நடுங்கினா, இந்த ஐஸைக் கையில கொடுத்துடாதீங்க. அப்ப வேண்டியது நிஜமான குளுக்கோஸ் தண்ணி, இல்ல சீனித் தண்ணி, உடனே.

ஆயிஷா, காயல்பட்டினம்: சீனிக்குப் பதிலா ஸ்டீவியா, எரித்ரிட்டால்னு ஆன்லைன்ல விக்கிறாங்களே லாத்தா, எது வாங்குறது?

அக்காவை லாத்தான்னு கூப்பிட்டதுக்கே தனியா ஒரு பதில் எழுதலாம். ஸ்டீவியா, அதான் சீனித்துளசி, சீனியைவிட இருநூறு மடங்குக்கு மேல இனிக்கும். கண்ணுக்குத் தெரியாத அளவுதான் போடணும், கூடினா கசக்கும். இனிப்பு கொடுக்குமே தவிர ஐஸை மெத்துனு ஆக்காது, ஏன்னா கலவையில கரையறதுக்கு அதுல பொருளே இல்ல. சுக்ரலோஸ்ங்கிற செயற்கை இனிப்பியும் அப்படித்தான். எரித்ரிட்டால் வேற கதை. எடைக்கு எடை சீனியைவிட நல்லாவே உறைநிலையைக் கீழ இறக்கும், ஐஸ் மிருதுவாகும். ஆனா குளிர்ல திரும்பப் படிகமாகி நாக்குல நறநறன்னு படும். நான் அரை லிட்டருக்கு ரெண்டு மேசைக்கரண்டிக்கு மேல போறதில்ல. நிறைய சாப்பிட்டா வயிறு உப்பும், சிலருக்குப் போகவும் செய்யும்.

உடம்பைக் குறைக்கணும்னு மட்டும் நினைச்சு வாங்குறவங்களுக்கு: ஸ்டீவியா, சுக்ரலோஸ் மாதிரி இனிப்பிகளை எடை குறைக்கிற வழியா நம்ப வேண்டாம்னு உலக சுகாதார நிறுவனம் 2023 மே மாசம் பரிந்துரை வெளியிட்டுச்சு. ஏற்கெனவே சுகர் உள்ளவங்களுக்கு அந்தப் பரிந்துரை பொருந்தாதுன்னும் அதுலயே இருக்கு. என் வழக்கம், முதல் மாசம் இனிப்பியோட ஆரம்பிச்சு, வாரம் வாரம் குறைச்சு, நாக்கைப் பழக்குறது.

ராஜேஷ், கோவை: எங்க வீட்டுல லாப்ரடார் இருக்கு. மிச்ச ஐஸை அதுக்கும் கொடுப்போம்.

இனிப்பி பாக்கெட்டுல சைலிட்டால்னு போட்டிருந்தா நாயை அந்தப் பக்கமே விடாதீங்க. கொஞ்சமே ஆனாலும் நாய்க்கு அது விஷம்.

மீனாட்சி, காரைக்குடி: சீனி இல்லாம குல்ஃபி வருமா?

வரும், ரொம்ப நல்லாவே வரும். பாலைச் சுண்டக் காய்ச்சினா அதுக்குன்னு ஒரு இனிப்பு இருக்கு, நமக்குத்தான் சீனி கொட்டிக் கொட்டி அது மறந்துபோச்சு. ஃபுல் கிரீம் பால் ஒரு லிட்டர், அடிகனமான பாத்திரம், சிறு தீ. அடிக்கடி கிளறி, ஓரத்துல ஒட்டுற ஆடையை வழிச்சு உள்ளயே விடுங்க. பாதியா வந்ததும் நிறுத்துங்க. அதுக்கு மேல சுண்டினா பாலுக்குள்ள இருக்கிற லாக்டோஸ், அதான் பால் சர்க்கரை, உறையறப்ப மணல் மாதிரி பிரிஞ்சுடும், எனக்கு ரெண்டு தடவை ஆச்சு. இறக்கி, 15 பாதாமை ஊற வச்சு தோலுரிச்சு நைஸா அரைச்சுச் சேருங்க. ஏலக்காய், நாலு இழை குங்குமப்பூ, உப்பு. நல்லா ஆறினதும் கீழ்த்தட்டுல குளிர வச்சு, அப்புறம் அச்சு.

இதைச் "சர்க்கரையே இல்லாத குல்ஃபி"ன்னு மட்டும் சொல்லாதீங்க. ஒரு லிட்டர் பால்ல 48 கிராம் அளவுக்குப் பால் சர்க்கரை இருக்கு, சுண்டினா தண்ணிதான் போகும், அது போகாது. எட்டு குல்ஃபி ஊத்தினா ஒண்ணுக்கு ஆறு கிராம். சீனி சேர்க்காததுங்கிறது வேற, சர்க்கரை இல்லாததுங்கிறது வேற.

சூடா இருக்கிறப்ப ருசி பார்த்து "இனிப்பு சரியா இருக்கு"ன்னு முடிவு பண்ணாதீங்க. குளிர்ச்சியில நாக்குக்கு இனிப்பு மந்தமாத்தான் தெரியும். உருகின கடை ஐஸைக் குடிச்சுப் பாருங்க, திகட்டும்.

மீனாட்சி மறுபடி: கடையில "சுகர் ஃப்ரீ"ன்னு போட்ட குல்ஃபியும் இப்படித்தானா?

நம்ம நாட்டுச் சட்டப்படி சுகர் ஃப்ரீன்னு போடணும்னா 100 கிராமுக்கு அரை கிராம் சர்க்கரைக்கு மேல இருக்கக் கூடாது. பால் ஐஸ்ல அது லேசுல வராது, அதனால பெரும்பாலும் "சர்க்கரை சேர்க்கப்படவில்லை"ன்னுதான் இருக்கும். பின்னாடி திருப்பிப் பாருங்க, மால்டிட்டால், மால்டோடெக்ஸ்ட்ரின் இருந்தா ரத்தத்துல சர்க்கரை ஏறும்.

ஜெனிபர், தூத்துக்குடி: சின்ன வயசுல சைக்கிள் பெட்டியில வர்ற சேமியா ஐஸ்... அதைச் சீனி இல்லாம பண்ண முடியுமா அக்கா? என் பசங்களுக்குக் காட்டணும்.

அந்தப் பெட்டி மூடியை டப்புனு அடிக்கிற சத்தம் கேட்டா இன்னிக்கும் எனக்குக் கால் வாசலுக்குப் போகும். சேமியாவும் மாவுதான், அதனால ஒரு கைப்பிடியை வேக வச்சு ஆறு குச்சிக்குப் பிரிச்சுடுங்க, மிச்ச இடத்துக்குச் சப்ஜா. ரெண்டாம் பாலும் முதல் பாலும் கலந்த தேங்காய்ப்பால் ரெண்டு கப், நல்லா கனிஞ்ச ஒரு மலை வாழைப்பழம் அரைச்சது, ஏலக்காய், உப்பு. சிறுமலைப் பழம் கிடைச்சா விடாதீங்க. மலைப்பழத்துல ஈரம் கம்மி, அதனால ஐஸ் ஊசி குறைவு. குச்சி நடுவுல நிக்கலேன்னா ஒரு மணி நேரம் கழிச்சுக் குத்துங்க. தண்ணி சேர்க்கிறதா இருந்தா கொதிக்க வச்சு ஆறினதா இருக்கட்டும். உறைஞ்சா கிருமி செத்துடும்னு நினைக்காதீங்க, தூங்கிட்டுத்தான் இருக்கும்.

அருண், திருச்சி: அக்கா, ரூம்ல தங்கிப் படிக்கிறேன். ஃப்ரீசர் கிடையாது.

தம்பி, கடையில ரெண்டு கிலோ ஐஸ் வாங்கு. உடைச்சு, மூணு பங்கு ஐஸுக்கு ஒரு பங்கு கல் உப்பு கலந்து வாளியில போடு. உப்பு சேர்ந்த ஐஸ் உருகிக்கிட்டே மைனஸ் பதினஞ்சு வரைக்கும் லேசா இறங்கும். மூடி இறுக்கமான சில்வர் டப்பாவுல கலவையைப் பாதி ஊத்தி, அதுக்குள்ள புதைச்சு, இருபது நிமிஷம் சுத்திக்கிட்டே இரு. அப்பப்ப திறந்து ஓரத்தைச் சுரண்டி விடு. ஆட்டிக்கிட்டே உறையறதால ஃப்ரீசர் ஐஸைவிட உன்னோடது மிருதுவா வரும். துணி சுத்திப் பிடி, வெறுங்கையில பிடிச்சா தோல் புண்ணாயிடும்.

பத்மா, கும்பகோணம்: மாமியாருக்கு இனிப்பே கூடாதுன்னுட்டாங்க, இனிப்பி பேரைக் கேட்டாலே பயம். என்ன பண்றது?

மோரை உறைய வைங்க. சிரிக்காதீங்க, எங்க தெருவுல என்கிட்ட அதிகம் கேட்டு வாங்குறது அதைத்தான். புளிக்காத கெட்டித் தயிர் ஒரு கப், தண்ணி ஒரு கப், இஞ்சி ஒரு துண்டு, பாதி பச்சை மிளகாய், கறிவேப்பிலை, மல்லித்தழை, பெருங்காயம், உப்பு. அரைச்சு வடிகட்டி அகலத் தட்டுல ஊத்துங்க. அரை மணிக்கு ஒரு தடவை முள்கரண்டியால கிளறி விட்டீங்கன்னா மூணு மணி நேரத்துல பொலபொலன்னு உதிரும். சின்னக் கிண்ணத்துல போட்டு, மேல ஒரு சொட்டு எண்ணெயில தாளிச்ச கடுகு ஆறினதைத் தூவுங்க. பிரஷர் இருக்கிறவங்களுக்கு உப்பு பாதி.

இது பிடிச்சுப்போச்சுன்னா அடுத்து பெருநெல்லிக்காய், இஞ்சி, உப்பு. அதுக்கு அப்புறம் நன்னாரி. கடை சர்பத் வேண்டாம், அது முக்காலும் சீனிப்பாகு. வேரைத் தட்டி, நடுவுல இருக்கிற வெள்ளைத் தண்டை எடுத்துட்டு, வெந்நீர்ல ராத்திரி முழுக்க ஊற வச்சு வடிகட்டி, எலுமிச்சை பிழிஞ்சு உறைய வைங்க. இனிப்பே இல்லாட்டியும் அந்த வாசம் நாக்கை ஏமாத்திடும். எலுமிச்சை, நெல்லிக்காய் சேர்ந்ததை அலுமினிய அச்சுல மட்டும் ஊத்தாதீங்க.

ஹரிணி, சென்னை: இளநீர் ஐஸ் எவ்வளவு வேணும்னாலும் சாப்பிடலாம்தானே?

வழுக்கையையும் தண்ணியையும் சேர்த்து அடிச்சா கிரீம் போட்ட மாதிரி வரும், எனக்கு ரொம்பப் பிடிச்சது அதுதான். எவ்வளவு வேணும்னாலும்னு இல்ல, அதுலயும் கொஞ்சம் சர்க்கரை உண்டு. கிட்னி பிரச்சினை உள்ளவங்க டாக்டரைக் கேக்காம தொடவே கூடாது, பொட்டாசியம் அதிகம்.

வித்யா மறுபடி: அக்கா, சப்ஜா, தேங்காய்ப்பால் போட்டு இன்னிக்குப் பண்ணினேன், கல்லா இல்ல! ஆனா டம்ளரை விட்டு வரவே மாட்டேங்குது. நடுவுல ஒரு மணி நேரம் கரன்ட் வேற போச்சு.

குழாய்த் தண்ணியில டம்ளரைப் பத்து எண்ணுற வரைக்கும் முக்கி, லேசா திருகி இழு. வெந்நீர் வேண்டாம், வெளிப்பக்கம் ஒழுகிடும். ஃப்ரீசரைத் திறக்காம இருந்தா ஒரு மணி நேரத்துக்கு ஒண்ணும் ஆகாது. தொட்டா நீராவே இருந்து திரும்ப உறைஞ்சிருந்தா, தேங்காய்ப்பால் போட்டது, கொட்டிடு.