மீட்புக் குழுவில் புதிதாகச் சேர்ந்திருக்கிறேன். பொருள்களைச் சுமக்க டாக்டிகல் வெஸ்ட் வாங்கலாமா, முதுகுப் பை வாங்கலாமா?

பை. இப்போதைக்குப் பை மட்டும் போதும். வெஸ்ட்டை, அதாவது ராணுவப் பாணியில் நெஞ்சிலும் வயிற்றிலும் பை மாட்டிக்கொள்கிற அந்தக் கையில்லாச் சட்டையைப் பற்றி, நாலைந்து தேடுதலுக்குப் போய் வந்த பிறகு யோசியுங்கள்.

இதோடு நிறுத்தியிருப்பேன். ஆனால் ‘டாக்டிகல்’ என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த இடத்தில் எனக்குச் சுருக்கென்றது. குழுவில் பெயர் கொடுத்த கையோடு, ராத்திரி படுத்துக்கொண்டு போனில் வெஸ்ட் படங்களாகத் தள்ளிக்கொண்டிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நானும் அப்படித்தான் வாங்கினேன்.

எனக்குக் கோயம்புத்தூர். பம்ப்செட் உதிரிபாகக் கடை வைத்திருக்கிறேன். நான் ராணுவத்தில் இருந்தவன் இல்லை, மலையேற்றம் சொல்லித் தருகிறவனும் இல்லை. ‘இவருக்கு என்ன தெரியும்’ என்று கீழே எழுத வருகிறவர்களுக்காக இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கூப்பிட்டால் கடையைப் பையனிடம் விட்டுவிட்டுப் போகிற ஆள், அவ்வளவுதான்.

வெள்ளியங்கிரியில் நடந்தது இது. தெரியாதவர்களுக்காக: கோயம்புத்தூர் பக்கத்துக் கோயில் மலை அது. அடிவாரத்துப் பூண்டியில் ஏறத் தொடங்கினால் ஏழு மலை. பிப்ரவரியிலிருந்து மே வரைதான் வனத்துறை ஏற விடும். வெயிலுக்குப் பயந்து பெரும்பாலும் இரவில்தான் ஏறுவார்கள், கையில் மூங்கில் தடியோடு. கீழே படிக்கட்டு என்று சொல்வது ஒவ்வொன்றும் ஒவ்வொரு உயரத்தில் இருக்கிற கல். அப்புறம் அதுவும் இல்லை, பாறையும் மண்ணும்தான்.

ஒரு சித்திரை மாதம், பௌர்ணமிக் கூட்டம். இறங்கும்போது ஒரு பெரியவர் கூட வந்தவர்களை விட்டுப் பிரிந்துவிட்டார். விடிந்தும் கீழே வந்து சேரவில்லை. எங்களைக் கூப்பிட்டார்கள். அதற்கு முந்தின வாரம்தான் என் வெஸ்ட் பார்சலில் வந்திருந்தது. 3,200 ரூபாய். கறுப்பு நிறம், உடம்பு முழுக்கத் தையல் பட்டை, எங்கே வேண்டுமானாலும் பை மாட்டிக்கொள்ளலாம். மாட்டலாம் என்றால் சும்மா விடுவோமா? நெஞ்சில் வாக்கி-டாக்கி, அதன் பக்கத்திலேயே திசைகாட்டி, வயிற்றுப் பக்கம் இரண்டு தண்ணீர் பாட்டில், முதலுதவிப் பை, கத்தி, பவர் பேங்க். நாலு காரபினரை, அதாவது கயிறு மாட்டும் உலோகக் கொக்கிகளை, தொங்கவும் விட்டிருந்தேன். எதற்கு என்று கேட்காதீர்கள், தொங்கினால் பார்க்க நன்றாக இருந்தது. இதற்கு மேல் முதுகில் கயிறும் கம்பளியுமாக 45 லிட்டர் பை. பிறகு எடை போட்டுப் பார்த்தேன், எல்லாம் சேர்ந்து 17 கிலோ. என் எடை 68. அதாவது கால் பங்கு. வெயிலில் மலையேறுகிறவனுக்கு அது உச்ச வரம்பு என்றுதான் சொல்வேன்.

எங்களோடு ஒரு வேட்டைத் தடுப்புக் காவலர் வந்தார். மலைக்காரத் தம்பி, இருபத்தைந்து வயதிருக்கும். தோளில் ஒரு துணிப்பை, கையில் தடி. என்னை ஒருமுறை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “ஏனுங்ணா, கடையவே தூக்கிட்டு வந்துட்டீங்களாட்ட இருக்குது” என்றார். சிரித்துக்கொண்டேன்.

அரை மணி நேரத்தில் சிரிப்பு போய்விட்டது. நல்ல முதுகுப் பையில் சுமை இடுப்பில்தான் உட்கார வேண்டும், தோள்பட்டை சும்மா பிடித்துக்கொள்ளத்தான். ஆனால் என் வெஸ்ட்டின் கீழ்ப் பைகள் சரியாக இடுப்புப் பட்டை வரும் இடத்தில் துருத்திக்கொண்டிருந்தன. பட்டையைப் பாட்டிலுக்கு மேல் கட்டினால் நிற்கவில்லை, கீழே கட்டினால் காலைத் தூக்க முடியவில்லை. அவிழ்த்துவிட்டேன். முழுச் சுமையும் தோளுக்கு வந்தது. அங்கேயோ வெஸ்ட்டின் பக்கிளும் பையின் பட்டையும் ஒன்றன் மேல் ஒன்று. கொஞ்ச நேரத்தில் இடது கை விரல்கள் மரத்துப்போயின. நெஞ்சு வலியோ என்று பயந்தே போனேன். தோள் நரம்பை அமுக்கினால் அப்படி ஆகும் என்று டாக்டர் பிற்பாடு சொன்னார். இது போக, நெஞ்சையும் முதுகையும் கனத்த துணி மூடிவிட்டதால் வியர்வை காய வழியில்லை. வழியில் இருக்கிற கைதட்டிச் சுனை வருவதற்குள் ஒருமுறை வாந்தி. தேட வந்தவனுக்கு ஓ.ஆர்.எஸ். கரைத்துக் கொடுத்தார்கள்.

இதெல்லாம் கூடப் பரவாயில்லை. இனிமேல் சொல்லப்போவதை நான் யாரிடமும் அவ்வளவாகச் சொல்வதில்லை.

நான் முன்னால், அந்தத் தம்பி பின்னால். ஒரு பாறைச் சரிவைக் கடந்து நான் போய்விட்டேன். பின்னாலிருந்து, “நில்லுங்ணா. அசையாதீங்க” என்றார். நின்றேன். என் மேல் ஆடிக்கொண்டிருந்த காரபினர்கள் ஓயக் கொஞ்ச நேரம் பிடித்தது. வாக்கி-டாக்கி கரகரத்தது, அதை அணைக்கச் சொன்னார். அப்புறம்தான் எனக்கும் கேட்டது. டொக், டொக். கொஞ்சம் விட்டு மறுபடியும் டொக். பெரியவர் பாதையிலிருந்து சறுக்கி ஒரு பாறை இடுக்கில் உட்கார்ந்திருந்தார். கணுக்கால் வீங்கியிருந்தது. கத்திக் கத்தித் தொண்டை அடைத்துப்போய், மூங்கில் தடியால் பாறையைத் தட்டிக்கொண்டிருந்தார். நான் கடந்து போன சத்தம் காதில் விழுந்ததாகவும் சொன்னார். “மாட்டு மணிச் சத்தமாட்ட கேட்டுச்சு சாமி, ஆரோ மாடு ஓட்டிட்டுப் போறாங்கன்னு நெனச்சேன்.”

மாட்டு மணி. என் 3,200 ரூபாய் வெஸ்ட்.

தேடுதலில் பாதி வேலை காதுக்குத்தான். விசில் ஊதுவோம், பிறகு எல்லாரும் ஒரு நிமிடம் அசையாமல் நின்று கேட்போம். இது எனக்குப் பயிற்சியில் சொல்லித் தந்ததுதான். மேலே கிலுகிலுப்பையை மாட்டிக்கொண்டு நடக்கிறவனுக்கு நின்றாலும் நடந்தாலும் ஒன்றுதான். அதனால் நீங்கள் எதை வாங்கினாலும் கடையிலேயே, வெட்கப்படாமல், பொருளைப் போட்டு மாட்டிக்கொண்டு நாலு குதி குதியுங்கள். சத்தம் வந்தால் வேண்டாம்.

பெரியவரைக் கம்பளியும் மூங்கிலுமாக டோலி கட்டித்தான் இறக்கினோம். அப்போதும் இந்த வெஸ்ட் விடவில்லை. மூங்கிலைத் தோளில் வைக்கிற இடத்தில் பக்கிள். இறங்கும்போது குனிந்தால் வயிற்றுப் பாட்டில்கள் மறைத்து என் கால் எனக்கே தெரியவில்லை. அந்தப் படிகளில் அது எவ்வளவு ஆபத்து என்று இறங்கியவர்களுக்குத் தெரியும். டோலி சுமக்க இரண்டாம் முறை ஆள் மாறியபோது வெஸ்ட்டைக் கழற்றி ஒருவரிடம் கொடுத்துவிட்டேன். அந்தத் தம்பி ஒன்றும் சொல்லவில்லை, நல்லவர்.

கீழே ஒரு வாரத்தில் பாராட்டு விழா. இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஒவ்வொரு தேடுதலுக்கும் பிறகு யாராவது ஒருவர் மேடை போட்டுவிடுகிறார்கள். என் வீட்டில் பதினோரு பொன்னாடை இருக்கிறது, கேடயம் வைக்க அலமாரியில் இடமில்லை. ஒரு பொன்னாடைக்கு ஆகிற காசில் தலைவிளக்குக்கு ஒரு வருஷத்து பேட்டரி வாங்கலாம், ஆனால் கேட்டால் ‘சேவைக்கு வந்துவிட்டுக் கேட்கிறாயே’ என்பார்கள். மேடையில் பேசுகிறவர் முக்கால் மணி நேரம் பேசுவார். பெரியவரைக் கண்டுபிடித்த தம்பிக்கு அழைப்பே போகவில்லை, கேட்டதற்கு ‘பட்டியலில் பெயர் இல்லை’ என்றார்கள். சரி, விடுங்கள். கேள்விக்கு வருகிறேன்.

பை வாங்கும்போது உங்கள் உயரத்தைப் பார்க்காதீர்கள், முதுகின் நீளத்தைப் பாருங்கள். தலையைக் குனிந்தால் கழுத்தின் கீழே ஒரு எலும்பு துருத்தும். அங்கிருந்து இடுப்பெலும்பின் மேல் விளிம்பு இருக்கும் மட்டம் வரை டேப் வைத்து அளக்கச் சொல்லுங்கள். ஆறடி ஆளுக்குக் குட்டை முதுகு இருக்கலாம், எனக்கு நேர்மாறு. எங்கள் குழுவில் இருக்கும் பெண்கள் ஆண்களுக்கான பையை மாட்டிக்கொண்டு பட்ட பாட்டைப் பார்த்திருக்கிறேன், அளவு பார்த்து வாங்கியபின் அவர்கள்தான் எல்லாரையும் விட வேகம். ஒரு பகல் தேடுதலுக்கு 25, 30 லிட்டர் போதும். பெரிய பை வாங்கினால் இடம் இருக்கிறதே என்று எதையாவது போட்டுக்கொண்டே இருப்போம். கனமானதை முதுகை ஒட்டி நடுவில் வையுங்கள். ரெயின் கவரை நம்பாதீர்கள், மழைத் தண்ணீர் முதுகு வழியாக வழிந்து உள்ளே போகும். பைக்குள் ஒரு கனமான பிளாஸ்டிக் உறை போட்டு, அதற்குள் பொருள்களை வைத்து, வாயை முறுக்கிக் கட்டுங்கள். நிறம் ஆரஞ்சோ மஞ்சளோ. ராணுவப் புள்ளி போட்ட துணி வேண்டவே வேண்டாம். காட்டில் கண்ணுக்குத் தெரியாமல் இருப்பதற்காக நெய்த துணி அது. நாளைக்கு உங்களைத் தேடுகிறவர் பாவம் இல்லையா?

வெஸ்ட்டே கூடாது என்று நான் சொல்லவில்லை, சண்டைக்கு வராதீர்கள். குழுவில் வாக்கி-டாக்கியும் வரைபடமும் வைத்துக்கொண்டு வழி நடத்துகிறவருக்கு அது வேண்டும். ஆனால் வலைத்துணியில், தட்டைப் பைகளோடு, இடுப்புப் பட்டைக்கு மேலேயே முடிகிற குட்டை வெஸ்ட்டாக இருக்கட்டும். பையைக் கழற்றாமல் கைக்கு எட்ட வேண்டியது மட்டும் அதில்: விசில், வாக்கி-டாக்கி, சின்ன நோட்டு, விளக்கு. திசைகாட்டியை வாக்கி-டாக்கிக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். அதன் ஒலிபெருக்கியில் காந்தம் இருக்கிறது, முள்ளை இழுத்துக்கொள்ளும். அன்று என் வடக்கு எங்கே இருந்தது என்பது எனக்கே தெரியாது. வாங்கும் நாளில் உங்கள் பையையும் கடைக்கு எடுத்துப்போய் இரண்டையும் சேர்த்து மாட்டிப் பாருங்கள்.

வெள்ளத்துக்குப் போவதென்றால் மேலே எழுதிய எல்லாவற்றையும் மறந்துவிடுங்கள். உயிர்காப்பு உடைக்கு மேலேயும் கீழேயும் எந்த வெஸ்ட்டும் கூடாது. விசிலும் ஒரு கத்தியும் போதும். மண்சரிவு இன்னொரு மாதிரி. 2024-இல் வயநாட்டு முண்டக்கை, சூரல்மலைப் பக்கம் ராணுவம் பெய்லி பாலம் (இரும்புச் சட்டங்களைக் கோத்து அவசரத்துக்குக் கட்டுகிற பாலம்) போட்ட பிறகு நாங்கள் போனோம். அங்கே மூடியில்லாத ஒவ்வொரு பையும் சேறு அள்ளும் கரண்டி, ஜிப் எல்லாம் மண் அடைத்து நின்றுவிட்டது. அடியில் தண்ணீர் வடிய ஓட்டையும், ஜிப்புக்குப் பதில் சுருட்டி மூடும் வாயும் இருந்த பைகள்தான் தாக்குப்பிடித்தன.

இப்போது நான் சுமப்பது மொத்தம் 9 கிலோ. பொன்னாடைகளில் ஒன்றை மடித்துப் பைக்குள் வைத்திருக்கிறேன், எலும்பு முறிந்தவருக்குக் கட்டையைச் சுற்றி வைக்க மெத்தென்று இருக்கிறது. அந்தக் கறுப்பு வெஸ்ட் கடையில் ஆணியில் தொங்குகிறது. பையன் அதில் அளவு வாரியாக வாஷரும் நட்டும் போட்டு வைத்திருக்கிறான், கல்லாவிலிருந்து பார்த்தால் எது எங்கே என்று பளிச்சென்று தெரிகிறது.