பழைய மோவர் இன்ஜின்: கேள்வி பதில்

கேள்வி: சார், புது வீட்டு கராஜ்ல முந்தின ஓனர் ப்ரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டன் கம்பெனி இன்ஜின் வச்ச ஒரு பழைய மோவரை (புல் வெட்டுற மெஷின்) விட்டுட்டு போயிருக்காங்க. மேல மாடல் நம்பர் 92902னு அடிச்சிருக்கு, பக்கத்துல இருக்கிற கோட் நம்பர் 78னு ஆரம்பிக்குது. ஸ்பார்க் ப்ளக் ஓட்டைல கொஞ்சம் பெட்ரோல் ஊத்தினா ரெண்டு செகண்ட் ஓடி நின்னுடுது. தூக்கிப் போடச் சொல்றாங்க, போட்டுடவா?
(வாசகர், எடிசன், நியூ ஜெர்சி)

பதில்: தயவுசெஞ்சு போட்டுடாதீங்க! ரெண்டு செகண்ட் ஓடுதுன்னாலே ஸ்பார்க் இருக்கு, கம்ப்ரெஷனும் (உள்ள காத்தை அழுத்துற சக்தி) இருக்கு, பெட்ரோல்தான் வந்து சேரல. கோட் நம்பர்ல முதல் ரெண்டு எண் வருஷம், அதனால உங்களுது 1978ல செஞ்சது. 92902ல முதல் 9 வந்து 9 க்யூபிக் இன்ச், அதாவது 148 சிசி பக்கம், மூணாவதா இருக்கிற 9தான் நமக்கு முக்கியம், நிமிர்ந்த ஷாஃப்ட் (இன்ஜின் சுத்துற தண்டு), பல்சா ஜெட்ங்கிற வகை கார்பரேட்டர் (பெட்ரோலையும் காத்தையும் கலந்து இன்ஜினுக்குத் தர்ற பாகம்)னு அர்த்தம்.

இந்த கார்பரேட்டர் பெட்ரோல் டேங்க் மேலயே உக்காந்திருக்கும். உள்ள ஒரு மெல்லிசு டயாஃப்ராம், அதாவது சவ்வு, இருக்கு, இன்ஜின் இழுக்குற காத்துல அது துடிச்சு துடிச்சு நீளமான குழாய் வழியா பெட்ரோலை மேல இருக்கிற ஒரு குட்டி தொட்டிக்கு ஏத்தும், அங்கேருந்து குட்டைக் குழாய் உறிஞ்சிக்கும். வருஷக்கணக்கா சும்மா கிடந்தா டயாஃப்ராம் காஞ்ச அப்பளம் மாதிரி வெறச்சுப் போயிடும், அப்புறம் எங்க துடிக்கிறது? சில இன்ஜின்ல இது டேங்குக்கும் கார்பரேட்டருக்கும் நடுவுல இருக்கும், சிலதுல பக்கத்துல ஒரு சின்ன மூடிக்குள்ள. கழட்டுறதுக்கு முன்னாடி போன்ல ஃபோட்டோ எடுத்துக்கோங்க, ஸ்ப்ரிங் எந்தப் பக்கம் இருந்துச்சுன்னு அப்புறம் சத்தியமா ஞாபகம் வராது. குழாய் நுனில இருக்கிற வலையையும் சுத்தம் பண்ணுங்க, டேங்க்ல இருக்கிற பழைய பெட்ரோலை மொத்தமா கொட்டிடுங்க. டேங்க் மேல்பக்கத்துல ஒரு ஸ்டீல் ஸ்கேலை வச்சுப் பாருங்க, வளைஞ்சிருந்தா காத்து புகுந்து புது டயாஃப்ராம் போட்டும் ஓடாது. டயாஃப்ராம் விலை ரொம்ப கம்மிதான், அதுக்குப் போய் முழு கார்பரேட்டர் வாங்கிடாதீங்க.

கேள்வி: வணக்கம் அண்ணை. புல்லு வெட்டேக்க பெரிய கல்லொண்டில அடிபட்டு இஞ்சின் டக்கெண்டு நிண்டிட்டுது. இப்ப கயிறை இழுத்தா கையை வெடுக்கெண்டு பின்னுக்கு இழுக்குது. மச்சான் கார்பரேட்டர் பிழை எண்டு சொல்றார்.
(வாசகர், ஸ்கார்பரோ)

பதில்: உங்க மச்சான் சொல்றது இங்க பொருந்தாது. ஃப்ளைவீல் கீ, அதாவது இன்ஜின் மேல சுத்துற கனமான சக்கரத்தை (ஃப்ளைவீல்) ஷாஃப்ட்டோட சரியான இடத்துல நிறுத்துற குட்டி உலோகத் துண்டு, நசுங்கியிருக்கும். ஃப்ளைவீல்ல இருக்கிற காந்தம், ஸ்பார்க்குக்கு கரண்ட் தர்ற காயிலைத் தாண்டும்போதுதான் ஸ்பார்க் வரும், கீ நசுங்கி ஃப்ளைவீல் ஒரு நூல் திரும்பினாலும் ஸ்பார்க் நேரம் தப்பிடும், அதான் கையைப் பிடுங்குது. முதல்ல ப்ளக் வயரைக் கழட்டுங்க, இதை மட்டும் மறக்கவே கூடாது. மேல் கவரையும் ஸ்டார்ட்டர் க்ளட்ச்சையும் எடுத்துட்டு மேலேருந்து பார்த்தா ஷாஃப்ட்ல இருக்கிற வெட்டும் ஃப்ளைவீல் வெட்டும் நேரா இருக்கணும். கீ மிருதுவான அலுமினிய உலோகம். சிலர் ஸ்டீல்ல போட்டா உடையாதுன்னு சொல்லுவாங்க, கேக்காதீங்க, அடுத்த கல்லுக்கு ஷாஃப்ட்டும் ஃப்ளைவீலும் சேர்ந்து போயிடும். ஃப்ளைவீலைத் திரும்ப முடுக்கும்போது, மேல சொன்ன 9 க்யூபிக் இன்ச் சைஸ் இன்ஜினா இருந்தா 55 அடி-பவுண்ட் டார்க் (முறுக்கு விசை) வைக்கணும், லூசா விட்டா புது கீயும் நசுங்கும்.

அப்படியே ப்ளக்கையும் கழட்டிட்டு இன்ஜினை கையால மெதுவா சுத்தி, ப்ளேடு போல்ட் நடுவுல ஆட்டம் இருக்கான்னு பாருங்க. ஆடினா க்ராங்க், அதாவது ப்ளேடு மாட்டியிருக்கிற ஷாஃப்ட், வளைஞ்சிருக்கு, அதைத் தட்டி நிமிர்த்துற வேலையே வேணாம், ப்ளேடு பறந்தா உயிருக்கே ஆபத்து, அந்த இன்ஜினை விட்டுடுங்க.

கேள்வி: பழைய இன்ஜினுக்கு என்ன ஆயில் சார்?
(வாசகி, டல்லஸ்)

பதில்: வெயில் காலத்துக்கு எஸ்ஏஇ 30 (ஆயில் எவ்வளவு கெட்டின்னு சொல்ற நம்பர், டப்பா மேலயே இருக்கும்). சின்ன 9 க்யூபிக் இன்ச் இன்ஜினுக்கு 600 மில்லி போதும். இதுல ஆயில் ஃபில்டரே கிடையாது, அழுக்கெல்லாம் ஆயில்லயே சுத்திட்டு இருக்கும், அதனால 25 மணி நேரம் ஓடினதும் இன்ஜின் சூடா இருக்கும்போதே இறக்கிட்டு புதுசு ஊத்துங்க.