டேங்க்குக்கு அடியில் நெருப்பு

கேள்வி: 1970களில் லண்டனிலிருந்து தெஹ்ரானுக்குச் சரக்கு லாரி ஓட்டும் ஒருவரை வைத்துச் சிறுகதை எழுதுகிறேன். கிழக்குத் துருக்கியின் குளிரில் டீசல் உறைந்துபோய், டேங்க்குக்கு அடியில் நெருப்பு மூட்டி வண்டியைக் கிளப்பினார்களாமே? டேங்க் வெடித்துவிடாதா?

பதில்: நெருப்பு மூட்டியது உண்மைதான், தாராளமாக எழுதுங்கள். ஆனால் 'டீசல் கல்லாக உறைந்தது' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். டீசலில் கரைந்திருக்கும் பாரஃபின் மெழுகுதான் முதலில் பிரிந்து வரும். வெயில் பிரதேசத்தில் நிரப்பிய டீசல் பூஜ்ஜியம் டிகிரியை ஒட்டியே கலங்கத் தொடங்கிவிடும். கிழக்குத் துருக்கியின் எர்சுரூம் நகரமோ சுமார் 1,900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஜனவரி இரவுகளில் மைனஸ் 30 வரைகூட இறங்கும்.

உங்கள் காட்சிக்கு வேண்டிய இடம் டேங்க் அல்ல, டீசலை வடிகட்டும் ஃபில்டர். வண்டி ஒழுங்காக ஸ்டார்ட் ஆகும், கொஞ்ச தூரம் ஓடவும் செய்யும். அதற்குள் மெழுகுத் துகள்கள் ஃபில்டர் காகிதத்தின் மடிப்புகளில் அப்பிக்கொள்ளும். இழுவை குறையும், ஆக்ஸிலரேட்டரை எவ்வளவு மிதித்தாலும் எஞ்சின் ஏறாது, ஏற்றத்தின் நடுவில் அணைந்துவிடும். எர்சுரூமுக்குக் கிழக்கே ஹொராசான் ஊரைத் தாண்டி வரும் தாஹிர் கணவாயில் நிறுத்துங்கள், கதைக்குப் பொருத்தமாக இருக்கும்.

அகலமான தகரத்தில் மணலைப் போட்டு, டீசல் ஊற்றிக் கொளுத்தி, டேங்க்குக்கு அடியில் தள்ளுவார்கள். அது பாதி வேலைதான். டேங்க்கிலிருந்து போகும் மெல்லிய குழாயையும் சூடுபடுத்த வேண்டும். அடைத்த ஃபில்டரைக் கழற்றிப் புதிதைப் போட்டு, குழாயில் புகுந்த காற்றை வெளியேற்றும் ஏர் ஸ்குருவைத் தளர்த்தி, கைப்பம்பை அடித்துக்கொண்டே இருக்க வேண்டும். நுரை நின்று டீசல் தெளிவாக வந்த பிறகுதான் ஸ்குருவை முடுக்கலாம். அந்தக் குளிரில், டீசல் நனைந்த விரல்களோடு! என்னைக் கேட்டால் கதையின் உயிர் இந்த இடத்தில்தான் இருக்கிறது, நெருப்பில் இல்லை.

வெடிக்குமா? டீசலின் ஆவி தீப்பிடிக்க ஏறக்குறைய 55 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். அதனால் சுத்த டீசல் சட்டென்று வெடிக்காது. ஆனால் மெழுகு பிரியாமல் இருக்க முன்னேற்பாடாகப் பெட்ரோல் கலந்த டேங்க் என்றால் கதை வேறு. பெட்ரோல் ஆவி உறைகுளிரிலும் பற்றிக்கொள்ளும். விவரம் தெரிந்தவர்கள் மண்ணெண்ணெய் கலப்பார்கள், அதுவும் மெழுகு பிரிவதற்கு முன்பே. பிரிந்த பிறகு ஊற்றினால் லேசில் கரையாது. நெருப்பில் நிஜமாகவே பழுதாவது பக்கத்தில் ஓடும், பிரேக்குக்குக் காற்று கொண்டுபோகும் நைலான் ஏர் குழாய்கள். அவை உருகிக் காற்று இறங்கினால், காற்றழுத்தம் இருக்கும்வரை மட்டுமே விலகி நிற்கும் ஸ்பிரிங் பிரேக் கவ்விக்கொள்ளும். எஞ்சின் ஓடும், வண்டி நகராது.

இதற்கெல்லாம் இடம் கொடுக்காமல் இருக்கத்தான் பலர் இரவு முழுக்க எஞ்சினை அணைக்காமல் விட்டார்கள். பம்பிலிருந்து மிஞ்சித் திரும்பும் சூடான டீசல் டேங்க்கைக் கொஞ்சம் காப்பாற்றும். பனியில் நிறுத்தும்போது ஹேண்ட் பிரேக் போடாமல், சக்கரத்துக்குக் கட்டை வைப்பது நல்லது. ஈரமான பிரேக் லைனிங் சக்கரத்தின் டிரம்மோடு ஒட்டி உறைந்தால் காலையில் சுத்தியல்தான் பேசும். பிரேக்குக்கான ஏர் டேங்க்கில் சேர்ந்த தண்ணீரையும் மாலையிலேயே திறந்துவிட வேண்டும், இல்லையேல் வால்வுக்குள் ஐஸ் கட்டிவிடும்.

துருக்கி-ஈரான் எல்லையான குர்புலாக் காட்சியும் வருமென்றால், சரக்கு நாடு நாடாகக் கடந்து போவதற்கான சுங்கப் புத்தகமான டிஐஆர் கார்னேயை மறக்காதீர்கள். ஒவ்வொரு நாட்டிலும் நுழையும்போது ஒரு தாளும் வெளியேறும்போது ஒரு தாளும் கிழிப்பார்கள். அடிக்கட்டை மட்டும் புத்தகத்தில் தங்கும். தார்ப்பாயைச் சுற்றிய கயிற்றில் சுங்க முத்திரை இருக்கும். வழியில் அது அறுந்தால் டிரைவர் தானே முடிச்சுப் போட முடியாது. அதிகாரியை வரவழைத்து எழுதி வாங்க வேண்டும்.

இன்னொன்று: இஸ்தான்புல்லில் போஸ்பரஸ் பாலம் திறந்தது 1973 அக்டோபர் 30. கதை அதற்கு முன்பு நடக்கிறதென்றால் லாரியைப் படகில் ஏற்றுங்கள்.