அப்பாவிடம் கார் சாவியைக் கேட்பதற்கு முன்

கேள்வி: என் அப்பாவுக்கு 76 வயது. நாற்பது வருடமாகக் கார் ஓட்டுகிறார், ஒரு விபத்துகூட இல்லை. ஆனால் கடந்த ஆறு மாதத்தில் வண்டியின் இடது பக்கம் மூன்று முறை கீறல் விழுந்திருக்கிறது. கேட்டால், "யாரோ உரசிட்டுப் போயிருக்கான்" என்கிறார். இரவில் ஓட்டுவதை அவராகவே விட்டுவிட்டார். பக்கத்தில் உட்காரும் அம்மா "பாத்து, பாத்து" என்று சொல்லிக்கொண்டே வருகிறார். சர்க்கரைக்கும் தூக்கத்துக்கும் மாத்திரை எடுக்கிறார். சாவியை ஒளித்து வைத்துவிடலாம் என்கிறான் தம்பி. அவர் இன்னும் ஓட்டலாமா கூடாதா என்பதை எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: சாவியை ஒளிக்க வேண்டாம் என்று தம்பியிடம் சொல்லுங்கள். நாற்பது வருட அனுபவத்தை நம்பிச் சும்மா இருந்துவிடவும் வேண்டாம். முதியோர் மருத்துவத்தில் 80 வயதைத் தாண்டியும் நிதானமாக ஓட்டுபவர்களைப் பார்க்கிறேன். 65 வயதிலேயே நிறுத்தச் சொல்ல வேண்டியவர்களையும் பார்க்கிறேன். உங்கள் கடிதத்தில் வயதைவிட என்னை நிறுத்தியது அந்தக் கீறல்கள்தான். மூன்றும் ஒரே பக்கம்.

ஸ்டீயரிங்குக்கு எதிர்ப்புறம் இருக்கும் ஓரத்தைக் கணிப்பது யாருக்குமே கொஞ்சம் சிரமம். ஆனால் நாற்பது வருடம் சரியாகக் கணித்தவருக்கு ஆறு மாதத்தில் மூன்று முறை தவறுகிறது என்றால் காரணம் தேட வேண்டும். ஒன்று, கண் அழுத்த நோய். அதில் பக்கவாட்டுப் பார்வை மெல்ல மெல்லப் போகும். பெரும்பாலும் வலி இருக்காது, கறுப்பாக எதுவும் தெரியாது. காணாத இடத்தை மூளை சுற்றியிருப்பதை வைத்தே நிரப்பிவிடும். ஆகவே "யாரோ உரசிட்டான்" என்று அப்பா சொல்வது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. அவருக்கு உண்மையிலேயே தெரிந்திருக்காது. இன்னொன்று, மூளையின் வலப்பக்கம் ஏற்பட்ட சிறு பக்கவாதம். கை கால் நன்றாக இருந்தாலும், இடது பக்கம் என்று ஒன்று இருப்பதையே மூளை கவனிக்காமல் விட்டுவிடலாம். சாப்பிட்டு முடித்த தட்டில் இடது பாதியில் மட்டும் உணவு மிஞ்சுகிறதா, கதவு நிலையில் இடது தோள் இடிக்கிறதா என்று பாருங்கள். அப்படி இருந்தால் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும்.

சுவரில் மாட்டிய எழுத்துகளைப் படிக்கச் சொல்லும் சோதனை இதைக் காட்டாது. அதில் நேர்ப்பார்வை மட்டுமே தெரியும். பக்கவாட்டில் எவ்வளவு தூரம் தெரிகிறது என்று பார்க்கும் 'ஃபீல்டு டெஸ்ட்' வேண்டும் என்று கண் மருத்துவரிடம் பெயர் சொல்லியே கேளுங்கள். அதன் முடிவு வரும்வரை அவர் ஓட்ட வேண்டாம்.

இரவில் ஓட்டுவதை அவரே விட்டது எனக்கு ஆறுதலான செய்தி. தன் எல்லை அவருக்குத் தெரிகிறது. 60 வயதில் விழித்திரையை அடையும் ஒளி, 20 வயதில் அடைந்ததில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். கண்புரையும் சேர்ந்தால் எதிரே வரும் ஹெட்லைட் சிதறிக் கண்ணைக் கூசவைக்கும். இது சரிசெய்யக்கூடியது, அறுவை சிகிச்சைக்குப் பிறகு பலர் இரவிலும் நன்றாக ஓட்டுகிறார்கள்.

என்னை உண்மையில் கவலைப்படுத்துவது அம்மாவின் "பாத்து, பாத்து". அவரைத் தனியாக உட்காரவைத்து, என்னென்ன சொல்கிறார் என்று கேளுங்கள். பொதுவான பயம் என்றால் விட்டுவிடலாம். "சிவப்பு விழுந்திருச்சு", "அந்தப் பக்கம் பைக் வருது", "நம்ம தெரு இதுதான், திரும்புங்க" என்றெல்லாம் சொல்ல வேண்டியிருக்கிறது என்றால், சாலையைக் கவனித்து முடிவெடுக்கும் பாதி வேலையை அம்மா செய்கிறார் என்று பொருள். அவர் இல்லாத ஒரு நாளில் என்ன ஆகும்?

பிறகு நீங்களே இரண்டு மூன்று நாள் அவர் பக்கத்தில் உட்கார்ந்து போங்கள். ஃபீல்டு டெஸ்ட் சரியாக வந்த பிறகு, பகலில். எதற்காக வருகிறீர்கள் என்பதை மறைக்காதீர்கள். மெதுவாக ஓட்டுவது குறையே அல்ல. வயதானவர்களின் விபத்துகளுக்கு வேகத்தைவிடச் சந்திப்புகளே அதிகம் காரணம், அதிலும் எதிர்வரும் வண்டிகளைக் குறுக்கே கடந்து திரும்பும் இடம். வருகிற வண்டியின் வேகம், தூரம், நடுவில் நடப்பவர்கள் எல்லாவற்றையும் ஒரே கணத்தில் எடைபோட வேண்டும். அங்கே அவருக்காக மற்றவர்கள் பிரேக் போடுகிறார்களா என்று பாருங்கள். 60 கிலோமீட்டர் வேகத்தில் கார் ஒரு விநாடிக்குக் கிட்டத்தட்ட 17 மீட்டர் ஓடும். பிரேக்கில் கால் வைக்க அரை விநாடி தாமதித்தாலே 8 மீட்டர் கூடுதலாகப் போய்விடும். புது ஊரில் வழி தவறுவது இயல்பு, சொந்தத் தெருவைத் தாண்டிப் போவது இயல்பல்ல. சர்க்கரை நோயாளி என்பதால் பாதத்தையும் கவனியுங்கள். உணர்வு குறைந்திருந்தால் கால் பெடலைத் தேடும். பிரேக் என்று நினைத்து ஆக்சிலரேட்டரை ஒரு தடவை மிதித்தாலும் அன்றோடு நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

மாத்திரைச் சீட்டை எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகளும் இன்சுலினும் சர்க்கரையைத் திடீரெனத் தாழ்த்தக்கூடியவை. வயதானவர்களுக்கு வியர்வை, நடுக்கம் போன்ற எச்சரிக்கைகள் மங்கலாகவே வரும். இவற்றில் ஒன்றை எடுப்பவர் என்றால், வண்டியை எடுக்கும் முன் சர்க்கரை அளவு 90க்குக் கீழே இருந்தால் முதலில் ஏதாவது சாப்பிட வேண்டும். 70க்குக் கீழே என்றால் ஓட்டவே கூடாது. சரியான பிறகும் முக்கால் மணி நேரம் பொறுக்க வேண்டும். தூக்க மாத்திரையின் மந்தம் காலையிலும் நீடிக்கலாம், டயஸிபாம் உடலைவிட்டுப் போக நாள்கணக்கில் ஆகும். சளிக்குக் கடையில் வாங்கும் குளோர்பெனிரமைன்கூட மந்தப்படுத்தும். ஆனால் தூக்க மாத்திரையை நீங்களாகத் திடீரென நிறுத்திவிடாதீர்கள்.

மருத்துவர் ஒரு கடிகாரம் வரைந்து முள்களை வைக்கச் சொல்லலாம். எண்ணையும் எழுத்தையும் மாற்றி மாற்றிக் கோட்டால் இணைக்கச் சொல்லலாம். இரண்டாவதற்கு மூன்று நிமிடத்துக்கு மேல் ஆனால் மேலும் ஆராய வேண்டும். மூன்று மீட்டர் வேகமாக நடந்து திரும்ப 9 விநாடிக்கு மேல் ஆனாலும் அப்படியே. தனியாக எந்தச் சோதனையும் தீர்ப்பு ஆகாது. சந்தேகம் மிஞ்சினால், இரட்டை பிரேக் உள்ள வண்டியில் பயிற்சி பெற்ற ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து சாலையில் சோதிப்பதே நம்பகமானது. பல நாடுகளில் செயல்வழி சிகிச்சையாளர்கள் (ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்) இதைச் செய்கிறார்கள்.

"பக்கத்துக் கடை வரைக்கும் மட்டும் ஓட்டட்டும்" என்று குடும்பங்கள் அடிக்கடி சமரசம் செய்கின்றன. பிரச்சினை கழுத்து விறைப்போ இரவுப் பார்வையோ களைப்போ என்றால் அது நல்ல ஏற்பாடு. பகலில், மழையில்லாமல், நெரிசல் இல்லாத நேரத்தில் ஓட்டலாம். முடிவெடுக்கும் திறனே குறைந்திருந்தால் அந்தச் சமரசம் ஆபத்தானது. குழந்தை குறுக்கே ஓடிவருவது பக்கத்துத் தெருவிலும் நடக்கும். மறதி நோயின் மிகத் தொடக்கத்தில் இருப்பவர் சாலைச் சோதனையில் தேறினால், ஆறு மாதத்துக்கு ஒருமுறை மறுபடி சோதித்துத் தொடரலாம். நோய் முற்றத் தொடங்கிவிட்டால் கூடாது. "நான் நல்லாத்தான் ஓட்டுறேன்" என்ற அவர் வார்த்தையை அப்போது வைத்துக்கொள்ள முடியாது. தன் குறையை உணரும் திறனையே அந்த நோய் எடுத்துவிடுகிறது.

பேச்சைக் காருக்குள் தொடங்காதீர்கள், கீறல் விழுந்த அன்றும் வேண்டாம். "ராத்திரி ஓட்ட வேண்டாம்னு நீங்களே நிறுத்தினீங்களேப்பா, ஏன்?" என்று அவருடைய முடிவிலிருந்தே ஆரம்பியுங்கள். ஓட்டக் கூடாது என்று சொல்ல வேண்டி வந்தால் அந்தச் சுமையை மருத்துவர் மேல் போடுங்கள், நாங்கள் தாங்கிக்கொள்வோம். ஓட்டுவதை நிறுத்திய பிறகு மனச்சோர்வில் விழுபவர்களை நிறையப் பார்க்கிறேன். வெளியே போகும் வழி அடைபட்டுப்போவதுதான் பெரும்பாலும் அதன் காரணம். ஒரு வாரத்தில் அவர் எங்கெங்கே போகிறார் என்று எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் யார், எந்த நேரத்தில் அழைத்துப் போவது என்பதை எழுதி முடித்த பிறகே சாவியைப் பற்றிப் பேசுங்கள்.

இப்போதைக்கு, கண் மருத்துவரிடம் நேரம் வாங்குங்கள். அங்கே போகிற வண்டியைத் தம்பி ஓட்டட்டும், அப்பா முன் இருக்கையில் உட்காரட்டும்.