நடக்க வைக்கும் தெருக்கள்: கேள்வி பதில்

கேள்வி: பூங்காவும் உடற்பயிற்சிக் கூடமும் இருக்கும்போது தெருவின் அமைப்பைப் பற்றி ஏன் கவலைப்பட வேண்டும்?

பதில்: வயது வந்தோருக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான உடலியக்கம் தேவை என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல் சொல்கிறது, கடைக்கும் வேலைக்கும் நடந்து செல்வதும் அந்தக் கணக்கில் சேரும். 1953-இல் பிரிட்டிஷ் மருத்துவ ஆய்வாளர் ஜெரி மோரிஸின் குழுவினர் லண்டன் பேருந்து ஊழியர்களை ஆராய்ந்தபோது, உட்கார்ந்தே ஓட்டிய ஓட்டுநர்களைவிட, இரண்டடுக்குப் பேருந்தின் படிகளில் நாள் முழுவதும் ஏறி இறங்கிய நடத்துநர்களுக்கு இதய நோய் குறைவாக இருந்ததைக் கண்டனர். ஓட்டுநர்களின் இடுப்பளவு இளவயதிலேயே அதிகமாக இருந்ததைச் சீருடை அளவுப் பதிவுகளிலிருந்து பின்னர் காட்டியதும் அவர்களே என்பதால், வேறுபாடு முழுவதற்கும் படிக்கட்டே காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஆனாலும், தனியாக நேரம் ஒதுக்காமல் அன்றாட வேலையோடு கலந்துவிடும் அசைவுதான் பெரும்பாலோரிடம் நிலைக்கிறது என்பது என் கருத்து.

கேள்வி: எங்கள் குடியிருப்புக்குப் பின்னால்தான் பள்ளி இருக்கிறது. இருந்தும் பிள்ளைகள் வாகனத்தில்தான் போகிறார்கள். விழிப்புணர்வுக் கூட்டம் நடத்தலாமா?

பதில்: கூட்டத்துக்கு முன், வீட்டு வாசலிலிருந்து பள்ளி வாசல் வரை ஒருமுறை நடந்து அளந்து பாருங்கள். நேர்க்கோட்டில் 200 மீட்டர் இருக்கும் இடத்துக்கு, முட்டுச்சந்துகளையும் சுற்றுச்சுவரையும் சுற்றிக்கொண்டு போனால் 1 கிலோமீட்டர் ஆகிவிடுவதுண்டு. அதிலும் ஒரு பகுதி வேகமான பெருஞ்சாலை ஓரமாக அமைந்தால், எந்தப் பெற்றோரும் பிள்ளையை நடக்க விட மாட்டார்கள். அதைச் சோம்பல் என்று சொல்வது நியாயமாகாது. பள்ளியின் ஒப்புதலோடு பின்சுவரில், பள்ளி நேரத்தில் மட்டும் திறக்கும் ஓர் ஆள் நுழையும் வாயிலை அமைத்தாலே பாதித் தடை நீங்கிவிடும். சுவரைக் கட்டியவர்கள் பாதுகாப்பை எண்ணித்தான் கட்டியிருப்பார்கள் என்பதால், வாயிலுக்கு யார் பொறுப்பு, எப்போது பூட்டுவது என்பதையும் சேர்த்தே பேசுங்கள்.

கேள்வி: நடைபாதை போட்டுக் கொடுத்தும் முதியவர்கள் சாலையில் இறங்கித்தான் நடக்கிறார்கள். ஏன்?

பதில்: அந்த நடைபாதை ஒவ்வொரு வீட்டு வாசலிலும் வாகனத்துக்காகச் சரிந்து மறுபடி உயர்கிறதா என்று பாருங்கள். முழங்கால் வலி உள்ளவருக்கு அது நடைபாதையே அல்ல, முடிவில்லாத படிக்கட்டு. நடைபாதையின் உயரம் தொடர்ந்து சமமாக இருக்க வேண்டும். ஏறி இறங்க வேண்டியது வாகனம்தான். சாலையைக் கடக்கும் நேரமும் முக்கியம். நொடிக்கு 1.2 மீட்டர் வேகத்தில் நடப்பவர் 12 மீட்டர் சாலையை 10 நொடியில் கடப்பார், 0.8 மீட்டர் வேகத்தில் நடக்கும் முதியவருக்கு 15 நொடி வேண்டும். பச்சை விளக்கு 10 நொடியில் அணைந்துவிட்டால், அவர் மறுநாள் வீட்டை விட்டுக் கிளம்பவே தயங்குவார். இடையிடையே நிழலும், சாய்ந்து உட்கார ஓர் இருக்கையும் இருந்தால் நடை நீளும்.

கேள்வி: அலுவலகத்தில் படியேறச் சொல்லிப் பலகை வைக்கலாமா?

பதில்: வைக்கலாம், ஓரளவு பயன் தரும். ஆனால் மின்தூக்கி கண்ணெதிரேயும், படிக்கட்டு கனமான கதவுக்குப் பின்னால் இருட்டிலும் இருந்தால் பலகை என்ன செய்யும்?

கேள்வி: ஞாயிறுதோறும் சாலையை வாகனங்களுக்கு மூடுவது உதவுமா?

பதில்: கொலம்பியாவின் போகோட்டாவில் 1974-இல் தொடங்கிய இந்த வழக்கத்தில், இப்போது ஞாயிறுகளில் 100 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட சாலைகள் நடப்பவர்களுக்கும் மிதிவண்டிகளுக்கும் திறந்துவிடப்படுகின்றன. நல்ல தொடக்கம்தான், ஆனால் அதே பிள்ளை திங்கட்கிழமை காலையில் அந்தச் சாலையைக் கடக்க முடிகிறதா என்பதையும் நின்று பாருங்கள்.