வட சென்னையில் ‘தண்டல்’ என்றால் என்ன?

அகராதியில் ‘தண்டல்’ என்பதற்கு வரி வசூல் என்று போட்டிருக்கிறது, ராயபுரம் பக்கம் கடன் என்கிறார்களே, எது சரி என்று கேட்டிருக்கிறீர்கள்.

இரண்டும் சரிதான். தண்டுதல் என்றால் வசூலித்தல். பேரூராட்சிகளில் ‘வரித் தண்டலர்’ என்ற பதவியில் அந்தப் பழைய பொருள் இன்றும் சம்பளம் வாங்கிக்கொண்டிருக்கிறது. எங்கள் பக்கத்தில் வசூலைக் குறித்த சொல் கடனுக்கே பெயராகிவிட்டது. கொடுப்பவர் தண்டல் விடுகிறார். வாங்குபவர் தண்டல் எடுக்கிறார், பிறகு நாள்தோறும் தண்டல் கட்டுகிறார். (தண்டையார்பேட்டைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. தொண்டியிலிருந்து வந்த குணங்குடி மஸ்தான் சாகிபுவைத் ‘தொண்டியார்’ என்று அழைத்ததால் வந்த பெயர் அது என்பார்கள்.)

வழக்கமான கணக்கு இதுதான்: 10,000 ரூபாய் தண்டலில் 1,500 ரூபாயை வட்டியாக முன்கூட்டியே பிடித்துக்கொண்டு 8,500 கொடுப்பார்கள். நாளுக்கு 100 ரூபாய் வீதம் 100 நாள் கட்ட வேண்டும். பார்த்தால் பதினைந்து சதவீதம்போல் தெரியும். ஆனால் மறுநாளிலிருந்தே அசல் திரும்பத் தொடங்கிவிடுவதால், ஆண்டுக்குக் கணக்கிட்டால் ஏறக்குறைய 120 சதவீதம்!

தெரிந்தும் ஏன் எடுக்கிறார்கள்? காசிமேட்டில் விடியற்காலை ஏலத்தில் மீன் எடுக்க ரொக்கம் வேண்டும். அடமானம் வைக்க எதுவும் இல்லாதவருக்கு எந்த வங்கியும் அந்த நேரத்தில் கதவு திறப்பதில்லை. எங்கள் தெருவில் மீன் விற்கும் அக்கா தண்டல் அட்டையைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுச் சுருக்குப்பையில் வைத்திருப்பார். மாலையில் தண்டல்காரர் வந்தால், செதில் ஒட்டிய கையாலேயே அதை எடுத்து நீட்டுவார். அவர் அன்றைய கட்டத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு அடுத்த கடைக்குப் போய்விடுவார்.

கந்துவட்டி என்று பொதுவாகச் சொல்வதில் இதுவும் அடக்கம். தமிழ்நாட்டின் 2003ஆம் ஆண்டு அதீத வட்டித் தடைச் சட்டம் மீட்டர் வட்டியோடு தண்டலையும் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. மூன்றாண்டு வரை சிறை உண்டு.

என்னைக் கேட்டால், முதல் தண்டலைவிட மோசமானது அதன்மேல் எடுக்கும் தண்டல். 70 நாள் கட்டிய நிலையில் அவசரம் வந்தால், புதிய 10,000இல் 1,500 வட்டியும் பழைய பாக்கி 3,000மும் கழித்து 5,500தான் கைக்கு வரும். அந்த 3,000க்கு வட்டியை ஏற்கெனவே பிடித்தாயிற்று. இப்போது மறுபடியும் பிடிக்கிறார்கள்.