வோர்ட் 34 டிகிரிக்குக் கீழே இறங்காததற்குக் காரணம்

வணக்கம். சிங்கப்பூரில் வீட்டில் பீர் காய்ச்சும்போது, பாத்திரத்தில் மூழ்கவைத்த செப்புச் சுருள் வழியே அரை மணி நேரம் குழாய் நீரை ஓடவிட்டும் 20 லிட்டர் வோர்ட் (கொதிக்கவைத்து, ஈஸ்ட் சேர்க்கும் முன் ஆறவைக்கும் மால்ட் சாறு) 34 டிகிரியிலேயே நின்றுவிட்டது என்று எழுதியிருந்தீர்கள். அங்கே குழாய் நீரே வெதுவெதுப்பாக வருவதால் சுருளைக் குறை சொல்லிப் பயனில்லை. சுருளுக்குள் ஓடும் நீரைவிட வோர்ட் குளிராது, வெப்ப இடைவெளி குறையக் குறைய வேகமும் படுத்துவிடும். எனவே 40 டிகிரி வரை குழாய் நீரையே ஓட்டிவிட்டு, அதன்பின் ஒரு வாளி ஐஸ் நீரைச் சிறிய பம்பு வைத்துச் சுருளுக்குள் சுற்றிவரச் செய்யுங்கள். தொடக்கத்திலேயே ஐஸைப் போட்டால் கொதிக்கும் சூடே அதை விழுங்கிவிடும். கிருமி நீக்கிய கரண்டியால் வோர்ட்டை மெல்லக் கலக்கிக்கொண்டே இருங்கள், ஏனெனில் அசையாத வோர்ட்டில் செம்பை ஒட்டிய பகுதி மட்டுமே குளிர்கிறது. எனக்கென்னவோ, லாகர் (குளிர்ந்த நிலையில் நொதிக்கவைக்கும் பீர் வகை) காய்ச்சாதவரை, 30 டிகிரிக்கு மேலும் நன்றாக வேலை செய்யும் நார்வே நாட்டு க்வைக் ஈஸ்ட் இருக்கையில் மூட்டை மூட்டையாக ஐஸ் வாங்குவது வீண் செலவாகவே படுகிறது.